பச்சையில் வந்த பெயர்கள்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேனுக்கு நேர் கீழே யாரும் உட்கார வேண்டாம், சளி பிடிக்கும். இன்றைக்கு ராஜா கதை கிடையாது, பேய்க் கதையும் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் கதை சொல்லப் போகிறேன். திண்டுக்கல்லில் பாதிப் பேர் அந்தச் சாமானைக் கண்ணால் கண்டிராத காலத்தில் நடந்தது. பாதியில் நிறுத்த மாட்டேன், எதையும் விட்டுவிட்டுச் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. அதனால் நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள்.

எனக்குக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்தால் மனசு வாடிப்போகும். ஆரம்பம் அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. தர்மத்துக்கு நடந்தது. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடமும் இல்லை. எண்பத்தேழில் வெளிநாட்டுப் புண்ணியவான்கள் யாரோ ஒரு கம்ப்யூட்டரைக் கப்பலில் ஏற்றி அனுப்பி வைத்தார்கள். கலர் காட்டக்கூடிய பெட்டி. ஆனால் கறுப்பில் வெள்ளையைத் தவிர அது வேறு எதையும் காட்டவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் என்பதால் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஏழாவது மாதமே என் வீட்டுக்காரர் ஓட்டிய லாரி வத்தலக்குண்டு ரோட்டில் கவிழ்ந்துவிட்டது. மாமியார் வீட்டில் நான் கால் எடுத்து வைத்த நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் பின்வரிசையில் உட்காரப் பழகிக்கொண்டேன். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. கதையில் வருகிற ஆள் யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொன்னேன்.

வேலை எளிது. உள் அறையில் நசீம் பானு மைக்ராஸ்கோப்பில் சளியைப் பார்த்து, கிருமி இருக்கிறதா இல்லையா என்று நோட்டில் எழுதுவாள். பேகம்பூர்ப் பெண், தலை நிமிராமல் வேலை பார்ப்பாள். அந்த நோட்டைப் பார்த்து நான் பட்டியலை அடித்து வைப்பேன். ஊர், பெயர், கடைசியில் ஓர் எழுத்து. கிருமி இருந்தால் பி, இல்லாவிட்டால் என். பத்து மணிக்கு ஒரு கட்டளை அடித்தால் அன்றைய பட்டியல் வரிவரியாக மேலே ஏறி வரும். கம்பவுண்டர் ஞானராஜ் அண்ணன் பக்கத்துக் கவுண்டரிலிருந்து அதைப் பார்த்து, பி வந்தவர்களுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுப்பார். ‘என்’ வந்தவர்களுடைய அட்டையில் மருந்து நிறுத்தம் என்று முத்திரை குத்துவார். டாக்டரம்மா வியாழக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து வருவார்கள். அண்ணன் எடுத்து நீட்டும் அட்டைகளைப் பார்ப்பார்கள்.

பெட்டி ஜன்னலோரம் இருந்தது. வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். பட்டியல் இங்கிலீஷில் இருக்கும், தமிழ் அதற்கு வராது. தறிக்காரர்கள், மில்லில் நூல் ஒட்டுகிறவர்கள், புளி உடைக்கிறவர்கள், அவர்கள் எங்கே அதைப் படிப்பது. "அக்கா, என் பேரு எதுக்கா?" என்பார்கள். நான் கண்ணாடி மேல் விரல் வைத்துக் காட்டுவேன். "என்னக்கா போட்டிருக்கு?" என்பார்கள். அதை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

பெட்டியோடு வந்த புத்தகம் தலையணை மொத்தம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டி கண் விழிக்கும்போது படிக்கிற கோப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால் அதற்கு நிறம் புரிய ஆரம்பித்துவிடும். பிறகு நிறம் வேண்டிய எழுத்துக்கு முன்னால் ஒரு எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்பு, ஓர் எண், ஒரு சின்ன எம். முப்பத்தொன்று போட்டால் சிவப்பு. முப்பத்திரண்டு போட்டால் பச்சை. வரி முடிந்ததும் பூஜ்யம் போட்டால் பழையபடி வெள்ளை. அவ்வளவுதான் வித்தை.

கிருமி உள்ளவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்குப் பச்சை. எண்பத்தெட்டு ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் முதல் தடவையாகப் பட்டியல் நிறத்தோடு ஏறி வந்தது. ஞானராஜ் அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஏத்தா இன்னாசி, பொட்டிக்குச் சுங்குடிச் சேலை கட்டி விட்டுட்டியா?"

வரிசையில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலை வைத்தால் போதும். ஓர் எழுத்துக்கூடப் படிக்காத மனுஷர்கள் தங்கள் பெயருக்கு என்ன வந்திருக்கிறது என்று தாங்களே பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் கொடுத்தேன். இதை யாரும் மறுக்க முடியாது.

ஆடியில் ஒரு நாள் எனக்குக் கை தவறிவிட்டது. தொப்பம்பட்டிச் சடையாண்டித் தாத்தாவின் வரிக்கு முப்பத்தொன்று போட்டவள் முடிவில் பூஜ்யம் போட மறந்துபோனேன், கீழ் வரிகளுக்கு நிற எண்ணையும் போடாமல் விட்டிருந்தேன். மூடாமல் விட்டால் நிறம் நிற்காது, கீழே எண் போடாத எல்லா வரிக்கும் பரவிவிடும். தாத்தாவுக்குப் பின்னால் முப்பது பேர். முப்பதும் சிவப்பாக ஏறி வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரே அழுகை. நத்தத்து மூக்காயி போன மாதமே பச்சை வாங்கி, மறுபரிசோதனைக்கு வந்தவள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே சடையாண்டி, நீ இருமி இருமி எங்க அம்புட்டு பேரையும் சிவப்பாக்கிட்டியே, வெளங்குவியா நீ?"

"ஏனுங்க அம்மிணி, நானென்ன பொட்டிக்குள்ளயா போய் இருமுனேன்? என்னையப் போயி வையறீங்களே."

பாதிப் பேர் அழுகையிலேயே சிரித்துவிட்டார்கள். நான் சரிசெய்து மறுபடியும் காட்டினேன். ஒரு வேடிக்கையாகவே அது முடிந்தது. ஆனால் அன்றைக்கு நான் ஒன்றைப் பார்த்தேன். அந்த முப்பது வரியிலும் கடைசி எழுத்து சரியாகத்தான் இருந்தது. இருபத்தைந்து பேருக்கு ‘என்’ என்றே இருந்தது. ஞானராஜ் அண்ணன் இங்கிலீஷ் படித்தவர். அவர் அத்தனை பேருக்கும் ஊசி எடுத்து வரிசையாக அடுக்க ஆரம்பித்திருந்தார். நிறம் வந்த பிறகு அவர் எழுத்தைப் படிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே படிக்கவில்லை.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. நல்ல மனுஷர், வேலைக்கு ஏதாவது வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

கைராசிப் பேச்சு எப்படிக் கிளம்பியது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒரு வாரம் அம்மைபோட்டு லீவில் இருந்தேன். எனக்குப் பதில் அலுவலகத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். அந்த வாரம் சிவப்பு அதிகம் வந்துவிட்டது போலிருக்கிறது. நான் திரும்பி வந்த அன்றைக்கு மூக்காயி வரிசையில் நின்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னாசியக்கா தட்டுனாத்தான்டி பச்சை விழுகும். அந்தக் கைக்கு அப்படி ஒரு ராசி. நேத்து உக்காந்தானே ஒரு மூதேவி, அவன் தொட்டதெல்லாம் சிவப்பு."

என் கையைப் பற்றி. என் ராசியைப் பற்றி. கேட்டுக்கொண்டே போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். மறுவாரத்திலிருந்து நத்தம் மாங்காய் வந்தது, நிலக்கோட்டை மல்லிகை வந்தது. தலைப்பிள்ளை பெற்ற ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, நீங்கள்தான் முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றாள். சொல்லிக் கூப்பிட்டேன்.

இப்போது பாண்டிச்செல்வியைப் பற்றிச் சொல்கிறேன்.

சின்னாளபட்டிப் பெண். இருபது வயது. அம்மா அழகம்மாள் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவள். வரிசையில் நிற்கும்போதுகூடத் துணியும் நூலுமாக விரல் ஓடிக்கொண்டே இருக்கும். கிருமி அடியோடு போகும்வரை மகள் மருந்தை விடக் கூடாது என்று டாக்டரம்மா எழுதியிருந்தார்கள். இடையில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், பிறகு ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சுவரில் படம் போட்டே மாட்டியிருந்தது. நான்கு மாத மருந்து முடிந்திருந்தது. அந்த நேரத்தில் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் ஒரு சம்பந்தம் பேசித் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். யாரோ போய் மாப்பிள்ளை வீட்டில் மூட்டிவிட்டார்கள், பெண் இருமுகிறாள் என்று.

மாப்பிள்ளையின் அம்மா பெருமாயி விவரமானவள். சீட்டு, சர்டிபிகேட் எதையும் நம்ப மாட்டாள். கார்த்திகையில் சளி பார்க்கிற அன்றைக்கு நேரில் வந்து பெட்டியில் என்ன நிறம் வருகிறது என்று பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதைச் சொல்ல அழகம்மாள் முந்தின நாளே ஜன்னலுக்கு வந்தாள்.

"எக்கா, நாளைக்கு என் மகளுக்கு நீங்களே தட்டுங்க. வேற ஆளு கைய வைக்க விடாதீங்க."

"நாந்தான் தட்டுவேன் அழகம்மா. அதுல உள்ளதுதானே வரும்."

"உங்க கைய வச்சா நல்லதுதான் வரும்."

மறுநாள் காலையில் நசீம் பானுவின் நோட்டைத் திறந்தேன். சின்னாளபட்டி, பாண்டிச்செல்வி, பாசிட்டிவ். பக்கத்தில் மூன்று கூட்டல் குறி. கிருமி மிக அதிகம் என்று அர்த்தம். நான் பட்டியலை அடித்தேன். ஊரை அடித்தேன், பெயரை அடித்தேன், கடைசியில் பி என்று சரியாக அடித்தேன். பிறகு அந்த வரிக்கு முன்னால் முப்பத்திரண்டு என்று அடித்தேன்.

எழுத்தை நான் மாற்றவில்லை. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து முழுக்க உண்மையாகவே இருந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.

பத்து மணிக்குப் பெருமாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொங்குப் பக்கத்துக் கொசுவக் கட்டுச் சேலை, காதில் கனமான தோடு. பட்டியல் ஏறி வந்தது. நான் விரல் வைத்தேன். அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"பச்சைங்களா?"

"பச்சைங்க."

"அட, அப்ப அந்த நாசமாப் போனவ சும்மாதான் சொல்லியிருக்காளுங்க" என்று சொல்லித் தன் தலையில் இருந்த பூவை எடுத்துப் பாண்டிச்செல்வி தலையில் வைத்தாள். அழகம்மாள் கம்பிக்குள் கை நீட்டி என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் விரல் நுனியெல்லாம் நூல் அறுத்துக் காய்த்துப்போயிருந்தது. ஞானராஜ் அண்ணன் பச்சையைப் பார்த்தார். அட்டையில் முத்திரை குத்தினார். "போயி ராசாத்தியா இரு தாயி, இனிமே இந்தப் பக்கம் வரப்புடாது" என்றார்.

சாயங்காலம் அண்ணனிடம் தனியாகச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் மாத்திரை கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டார். மறுநாள் சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அடுத்த வாரம் அழகம்மாள் பத்திரிகை வைக்க வந்தாள், பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மஞ்சளும் குங்குமமும் எடுக்கச் சொல்லித் தட்டை நீட்டினார்கள். அந்த இடத்தில் எப்படிச் சொல்வது. பிறகு அவள் பாலசமுத்திரம் போய்விட்டாள். கடிதம் போட்டால் மாமியார்தான் பிரிப்பாள். ஒவ்வொன்றாக யோசித்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துவர அழகம்மாள் பாலசமுத்திரம் போனாள். போனவள் பழனியிலிருந்து நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மகளை இடுப்பில் தூக்காத குறை. பெட்டியே பச்சை காட்டிவிட்டது, இது வெறும் சூட்டு இருமல் என்று மாமியார் வீட்டில் ஆறு மாதமாகக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். துண்டில் ரத்தம் இருந்தது. உள்ளே சளி எடுத்தார்கள். நசீம் பானு நோட்டில் எழுதினாள். நான் கட்டளை அடிக்க உட்கார்ந்தேன்.

பாண்டிச்செல்வி ஜன்னல் திட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நிற்கத் தெம்பில்லை.

"எக்கா, பாத்துத் தட்டுங்க. உங்க கையை நம்பித்தான் வந்திருக்கேன். போன தடவை மாதிரி வந்துருச்சுன்னா அத்தை என்னையத் திரும்பக் கூட்டிக்கிரும்."

அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான். நான் தட்டினேன். பச்சை வந்தது.

அவள் சிரித்தாள். பல்லெல்லாம் பெரிதாகத் தெரிந்தது, முகத்தில் சதை இல்லாததால். ஞானராஜ் அண்ணன் திரையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"பச்சையா வருதே இன்னாசி. ஆளைப் பாத்தா மனசு ஒப்பலையே. நோட்டைச் சரியாப் பாத்தியாத்தா?"

"பாத்தேன் அண்ணே."

அவர் இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்து, வியாழக்கிழமை டாக்டரம்மா வரும்போது கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அன்றைக்குத் திங்கள். புதன்கிழமை மத்தியானம் சின்னாளபட்டியில் பாண்டிச்செல்வி ரத்தமாக வாந்தி எடுத்து இறந்துபோனாள். செய்தி நாலு மணிக்கு வந்தது. எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். நான் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய பட்டியல்களைத் திறந்தேன். இரண்டு இருந்த இடத்தில் ஒன்று போட்டேன். பதினோரு பெயருக்கும் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினொன்றா என்று நீங்கள் பார்க்கிறீர்கள். ஆமாம். பாண்டிச்செல்விதான் முதல் ஆள் என்று நான் சொல்லவில்லையே. முதல் ஆள் சடையாண்டித் தாத்தா. மாதாமாதம் தொப்பம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார், மாதாமாதம் சிவப்பு. மூக்காயி எல்லார் முன்னாலும் கேலி செய்வாள். ஒரு தடவையாவது மனுஷன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டுமே என்று புரட்டாசியில் பச்சை போட்டேன். அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மார்கழியில் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வயதானவர்தான். அதற்குப் பிறகும் போட்டேன், ஆமாம். யாராவது ஒருத்தி ஜன்னலில் நின்று உங்கள் கையை நம்பி வந்தேன் என்று சொன்னால் எனக்கு முப்பத்தொன்று அடிக்கக் கை வராது.

பாண்டிச்செல்வியை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அழகம்மாள் சொந்தக்காரர்களோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். நசீம் பானுவின் நோட்டைப் பார்த்தார்கள், பாசிட்டிவ் என்று இருந்தது. கட்டளை அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். பாண்டிச்செல்வி வரியில் பி என்று இருந்தது. சிவப்பாகவும் இருந்தது. கம்பவுண்டர் அட்டையில் மட்டும் மருந்து நிறுத்தம் என்று முத்திரை இருந்தது.

"அன்னைக்குப் பச்சையா இருந்துச்சுங்க சார். ரெண்டு தடவையும் பச்சைதான். நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் ஞானராஜ் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னாசி, நீயே சொல்லுத்தா. என்ன கலரு அது?"

"சிவப்புதான் அண்ணே" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான்.

அழகம்மாளும் பச்சை என்றுதான் சொன்னாள். வந்தவர்களில் ஒருவர் அவளிடம் பொறுமையாகவே பேசினார். அம்மா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, வரிக்கு வரி நெருக்கமாக இருக்கிறது, நீங்கள் மேல் வரியையோ கீழ் வரியையோ பார்த்திருப்பீர்கள் என்றார். பாலசமுத்திரத்துக்கு ஆள் அனுப்பினார்கள். நோய்க்காரப் பெண்ணைக் கட்டிய வீடு என்று பேர் வந்துவிடுமே என்று பெருமாயி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அழகம்மாள் கடைசியாக என் ஜன்னலுக்கு வந்தாள். கையில் துணி இல்லை, நூல் இல்லை.

"எக்கா, நான்தான் வேற வரியப் பாத்துட்டேனா?"

"இருக்கும் அழகம்மா. கூட்டத்துல தெரியாதுல்ல."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு போய்விட்டாள். அவளுக்குக் கோபித்துக்கொள்ள யாராவது ஒரு ஆள் மிச்சம் இருந்திருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஞானராஜ் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் என்று எழுதினார்கள். மதுரைக்கு அனுப்பிப் பரிசோதனை செய்யக்கூட யாரும் மெனக்கெடவில்லை. வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் சண்டை போடவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னதை அவர் நம்பினார், கண்ணுகளா. இன்னாசி பொய் சொல்ல மாட்டாள், அப்படியானால் என் கண்தான் சரியில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு நத்தத்தில் ஒரு புளி மண்டியில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போனார். நிறம் பார்க்க வேண்டாத வேலையாகத் தேடிப் போனதாகச் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டார், ரயில்வே கேட்டில் விளக்கு தெரியாமல் போய்விடும் என்று. நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் நாகல் நகர் சந்தையில் அவரைப் பார்த்தேன். தக்காளிக் கூடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், வைக்கிறார், எடுக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாத்தா இன்னாசி. நல்ல வேளை வந்த. இது பழுத்ததா காயா, செத்தப் பாத்துச் சொல்லு."

அது நன்றாகச் சிவந்த பழம்.

"பழம்தான் அண்ணே" என்றேன். ஒரு கிலோவும் நானே பொறுக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. அவரிடம் ஓர் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

மற்ற பத்துப் பேரைக் கேட்பீர்கள். தாத்தாதான் போய்விட்டார். மிச்சம் ஒன்பது பேருக்கும் அந்த வாரமே மறுபடியும் சளி பார்க்க வரச் சொல்லி நானே கடுதாசி அடித்துப் போட்டேன். ஆறு பேர் வந்தார்கள், மறுபடியும் மருந்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். மூன்று பேர் வரவில்லை. வராதவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை. அந்த ஆறு உயிரையும் நான் எனக்குச் சேர்த்தே எண்ணிக்கொள்கிறேன். பிறகு யாரும் என் கைராசியைப் பற்றிப் பேசவில்லை. பூவும் வரவில்லை. இன்னும் பதினாறு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன்.

போன வருஷம் ஞானராஜ் அண்ணன் இறந்துபோனார். துட்டிக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதார். "கடைசி மூச்சு வரைக்கும் ஒரே பொலம்பல் மதினி. என் கண்ணுதான் அந்தப் புள்ளையக் கொன்னுருச்சு, என் கண்ணுதான் கொன்னுருச்சுன்னு." நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்படியெல்லாம் இல்லை மதினி, எல்லாம் நேரம் என்றேன். அவர் பொங்கி அழுது ஓய்ந்து, நீங்கள் வந்ததுதான் ஆறுதல் என்றார்.

அவ்வளவுதான் கதை. ஞானராஜ் அண்ணன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அழகம்மாள் சரியான வரியைத்தான் பார்த்தாள். பாண்டிச்செல்விக்கு மருந்து நின்றது என்னால், அவள் இறந்ததும் என்னால். இரண்டாம் தடவை அவள் சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தேதான் பச்சை போட்டேன். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் எட்டு மாதம் அந்தப் பெண் தனக்கு நோய் இல்லை என்று நம்பி, தலை நிறையப் பூ வைத்து, ஒரு வீட்டுக்கு மருமகளாகவும் போய் வாழ்ந்தாள். அந்த எட்டு மாதத்தை அவளுக்குக் கொடுத்தது டாக்டரம்மா இல்லை, நசீம் பானு இல்லை. அதையும் நீங்கள் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் எல்லாரும் முகத்தை இப்படி வைத்திருக்கிறீர்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அழுதால் எனக்குத் தாங்காது. போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். உங்கள் வீடுகளில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அப்படியே ஏதாவது கெட்டது வந்தாலும், அதை உங்களிடம் சொல்லாமல் மறைத்துவைக்கிற நல்ல மனசுக்காரர்கள் எப்போதும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.